களத்தில் உயர்ந்த கைகள்
குறுவை அறுத்த நெல் களத்தில் ஈரமாகக் குவிந்திருக்க, கிழக்கே மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது. நெல் உலர்த்தும் மிஷின் கம்பெனி நடத்தும் ஃபிளோரா, கூடியிருக்கும் விவசாயிகளிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறாள். "சென்னையில முதலீடு பண்றதா இருந்தவங்க பின்வாங்கிட்டாங்க. அடுத்த மாசம் கம்பெனிய மூட வேண்டியதுதான்." களத்து ஓரத்தில் அவளுடைய மிஷின் உறுமி, உலர்ந்த நெல்லை வெதுவெதுப்பாகக் கொட்டுகிறது. விவசாயிகளில் முன்னால் நிற்கும் தர்மாம்பாள் அதில் ஒரு மணியை எடுத்து, காய்ந்திருக்கிறதா என்று கடித்துப் பார்க்கிறாள். "எங்களுக்குக் கம்பெனியில பங்கு குடுப்பியாம்மா?" "நஷ்டமானா போட்ட பணம் போயிடும்ங்க." "ஆத்துல தண்ணி வருமான்னு தெரியாமயே வருஷா வருஷம் வயல்ல முதல் போடுறோம். உன்னைத் தெரிஞ்சு போட மாட்டோமா?" என்றபடி அவள் கையை உயர்த்துகிறாள். பின்னால் இன்னொரு கை. அப்புறம் களம் முழுக்க, நெல்தூசி படிந்த கைகள். ஃபிளோரா, மாதா தேர் முன்னால் நிற்பவளைப்போலக் கைகூப்பி நிற்கிறாள்.