கேட்ச்

சுஜா ரப்பர் பந்தை மெல்லத் தூக்கிப் போட்டாள்.

“கேட்ச். சொல்லுப்பா.”

பந்து மடியில் விழுந்து நாற்காலிக்கு அடியில் உருண்டது. அவள் குனிந்து எடுத்தாள்.

“பந்தைப் பிடிச்சா கேட்ச். கிழக்கேகோட்டைக்கு பஸ் பிடிச்சாலும் கேட்ச். சளி பிடிச்சாலும் கள்ளனைப் பிடிச்சாலும் கேட்ச்தான். ஒரே வார்த்தை எத்தனை வேலை பாக்குது பாத்தியா? எங்க, ஒரு தடவை சொல்லு.”

அவள் உதட்டையே அந்த முகம் பார்த்துக்கொண்டிருந்தது.

“காலையிலேருந்து இந்த ஒரு வார்த்தையைத்தானே கேக்கேன்?” என்று சுஜா குரலை உயர்த்தினாள்.

“விடு மக்களே. சோறு தின்னுட்டுச் சொல்லிக் குடு” என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

அப்போது வாசலில் ஒரு பெண் தன் மகளோடு வந்து நின்றாள்.

“கேட்டுல போர்டு கண்டேன். வீரபாண்டி சார் ட்யூஷன் இங்கதானே? பந்து எறிஞ்சு இங்கிலீஷ் படிப்பிப்பாருன்னு கரமனை முழுக்கச் சொல்லுதாங்க. மோளைச் சேக்கணும்.”

சுஜா நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பாதான் அது. ஓணத்துக்கு முன்னாடி ஸ்ட்ரோக் வந்துது. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை வரல.”

வந்தவள் மகளை அழைத்துக்கொண்டு போனாள். போர்டைக் கழற்றிவிடலாம் என்று சுஜா எழுந்தாள். அப்பாவின் இடது கை அவள் துப்பட்டாவை இறுகப் பிடித்துக்கொண்டது.

“இதுக்கு என்ன வார்த்தைப்பா?”

அவர் அவள் உதட்டையே பார்த்தார். பிறகு, பதில் தெரியாத பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு துப்பட்டாவை விட்டுவிட்டார்.