நகர்ந்துவிட்ட சிவப்புக் கம்பு

வடக்கே மலைச்சரிவில் ஒரு பனியாறு, உறைந்து கிடக்கும் பெரிய பனிக்கட்டி ஆறு, இருந்தது. ஆய்வாளர்கள் அதன்மேல் ஒரு சிவப்புக் கம்பை நட்டார்கள். "எங்கேயும் போயிடாதே, கோடையில வர்றோம்" என்று ஒருத்தி அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

கம்புக்கு அதுதான் முதல் வேலை. எத்தனையோ புயல் அடித்தும் அசையாமல் நின்றது. ஆனால் குளிர்காலம் முடிந்து பார்த்தால், கரையில் நேர் எதிரே இருந்த கரும்பாறை வெகுதூரம் பின்னால் போயிருந்தது.

"பாறை எங்க போகும், தம்பி? நீதான் நகர்ந்துட்ட" என்று பனிநரி சிரித்தது. "வேலை போச்சு! பேசாம சாய்ஞ்சு படுத்துக்கோ. காத்து தள்ளிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க."

கம்பு தன் அடியைக் குனிந்து பார்த்தது. ஆனால் காற்று தள்ளவில்லையே!

"வேண்டாம் அண்ணே. திட்டினா திட்டட்டும்" என்று விறைத்து நின்றது.

கோடையில் ஆய்வாளர்கள் வந்தார்கள். கம்பைத் தேடிக் கண்டுபிடித்து, பாறையிலிருந்து அதுவரை அளந்தார்கள். கம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அடேயப்பா! பனியாறு உன்னையும் சுமந்துக்கிட்டு இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கு!" என்று அதே பெண் துள்ளினாள். "இதைத் தெரிஞ்சுக்கத்தானே உன்னை நட்டோம், ராசா! நீ விழுந்திருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது." தன் கம்பளிக் குல்லாயைக் கழற்றிக் கம்பின் தலையில் மாட்டினாள்.

அவர்கள் போனதும் நரி மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"தம்பி, நானும் இங்கேயே இருந்தா ஒரு குல்லா கிடைக்குமா?"

"உட்காருங்க அண்ணே" என்றது கம்பு. "நாம சும்மா இருந்தாலே போதும், ஆறு கூட்டிட்டுப் போகும்."