காரம் இல்லாத கடை

"அந்தக் கடையப் பத்தி யாருகிட்டயும் சொல்லிடாதடி. அதுவும் பக்கத்து ரூம்காரங்ககிட்ட மூச்சு விடக் கூடாது!"

மகளை எச்சரித்துக்கொண்டே விடுதிப் படியேறினாள் பெய்லிங். யூன் தலையை மட்டும் ஆட்டினாள். பேசினால் தொண்டை கெட்டுவிடும் என்று காலையிலேயே அம்மா அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தாள்.

நாளைக் காலை இசைக் கல்லூரியில் பாட்டுத் தேர்வு. கல்லூரியில் இருக்கும் இடங்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காரத்துக்குப் பேர்போன சோங்சிங் நகரத்தில் வந்து இறங்கியதிலிருந்து பெய்லிங்குக்கு எதுவும் சரிப்படவில்லை. முதலில் பார்த்த விடுதிக்குக் கீழே, மிளகாய்க் குழம்பைக் கொதிக்கவிட்டு அதிலேயே வேகவைத்துச் சாப்பிடும் ஹாட்பாட் கடை. மிளகாய் நெடி ஜன்னல் வழியாக ஏறி வந்தது. அடுத்த விடுதிக்கு வாசல் ரோட்டில், ரூமோ மலைச்சரிவில் பல மாடி கீழே. சுவரெல்லாம் ஈரம், சளி நிச்சயம். ஒருவழியாக இந்த ரூம் அமைந்தது. ஆனால் சாப்பாடு?

மிளகாய் வேண்டாம் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வருகிறது. "எங்க போட்டேன்மா? சும்மா கொஞ்சமாத்தான் போட்டிருக்கேன்!" என்று சிவக்கச் சிவக்கக் கிண்ணத்தை நீட்டுகிறார்கள். நேற்று ஒரு வாய் சாப்பிட்டு யூன் இருமிய இருமலில் பெய்லிங் பாதி செத்துவிட்டாள்.

இன்று மதியம்தான், மேம்பாலத்துக்கு அடியில் வெளியூர்க் குடும்பம் நடத்தும் நூடுல்ஸ் கடை கண்ணில் பட்டது. தெளிந்த எலும்பு சூப். துளி காரமில்லை.

மாடியில் பக்கத்து ரூம் டோங்மெய் நின்றிருந்தாள். அவள் மகள் நிங்கும் நாளை பாடப்போகிறவள். சுவரைத் தாண்டி வந்த அந்தக் குரல்தான் நேற்று பெய்லிங்கின் தூக்கத்தைக் கெடுத்தது. அப்படி ஒரு குரல்.

"வாங்க யூன் அம்மா! பிள்ளைக்கு எங்கயாவது சாப்பாடு கெடச்சுதா?"

"எங்க கெடச்சுது அக்கா? ஊரே மிளகாய்லதான் குளிக்குது. பிஸ்கட் வாங்கிக் குடுத்து ஒப்பேத்தினேன்."

"அடக் கொடுமையே! வெறும் பிஸ்கட்டா?"

யூன் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். வாய்ப்பூட்டு நல்லதாய்ப் போயிற்று.

சாயங்காலம் பக்கத்து ரூமிலிருந்து வாசனை வந்தது. பேரிக்காய் போட்ட அரிசிக் கஞ்சி. தொண்டைக்கு அதைவிட மருந்து கிடையாது.

ரூமில் சமைக்கவே கூடாது என்று விடுதிக்காரி தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தாளே! கள்ளத்தனமாகக் குக்கர் வைத்திருக்கிறாளா இந்த டோங்மெய்? நமக்கு ஒரு வார்த்தை சொன்னாளா?

பெய்லிங் விடுவிடுவென்று கீழே விடுதிக்காரியிடம் போனாள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தானேம்மா? தீ கீ புடிச்சா யாரு பொறுப்பு?"

விடுதிக்காரி தடதடவென்று மாடி ஏறினாள். கத்தல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. "கஞ்சிய ஊத்திக்கிட்டு குக்கரக் குடு! ரூமக் காலி பண்றப்ப வந்து வாங்கிக்க!"

பெய்லிங் கதவைச் சாத்திக்கொண்டாள். மனசு குளிரும் என்று நினைத்தாள். குளிரவில்லை.

சற்று நேரத்தில் கதவு தட்டும் சத்தம். கண்டுபிடித்துவிட்டாளா?

திறந்தால் டோங்மெய். கையில் ஃபிளாஸ்க்.

"இந்தாங்க யூன் அம்மா, பேரிக்காய்க் கஞ்சி. ரெண்டு பிள்ளைங்களுக்கும் சேத்துத்தான் காய்ச்சினேன். வெறும் பிஸ்கட்டத் தின்னுட்டு அது எப்படிப் பாடும்? காலையிலயும் காய்ச்சித் தரலாம்னு இருந்தேன். எந்தப் புண்ணியவதி போட்டுக் குடுத்தாளோ, குக்கர் போச்சு."

பெய்லிங்குக்கு ஃபிளாஸ்க்கை வாங்கக் கை நீளவில்லை. பின்னால் நின்ற யூன்தான் வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் அம்மாவையே பார்த்தாள்.

டோங்மெய் சிரித்தாள்.

"பரவால்ல விடுங்க, நாளைக்கு எங்களுக்கும் பிஸ்கட்தான். ஆமா, நீங்க எந்தக் கடையில வாங்கினீங்க?"