ஐந்தாம் வகுப்பின் மினிஸ்டர்

"டீச்சர், மினிஸ்டர் செத்துப் போயித்தார்."

காவலாளி சுதாகரன் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லும் ஆள் இல்லை. அஞ்சலா கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் ஐந்தாம் வகுப்புக்குள் ஓடினாள்.

மினிஸ்டர், ஊர் உப்புநீர்க் களப்பில் பிடித்த ஒரு நண்டு. நேராக நடக்காததால் பிள்ளைகள் வைத்த பெயர். ஒரு வாரமாகத் தண்ணீர் நிரப்பிய பேசினில் வைத்து, கால்களை எண்ணி, கண்ணை வரைந்து, 'நண்டு டயரி' எழுதி வந்தார்கள். வெள்ளிக்கிழமை களப்பில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

இப்போது, வீடென்று பிள்ளைகள் கவிழ்த்து வைத்த உடைந்த சட்டிக்குப் பக்கத்தில் அது கிடந்தது. கொடுக்குகளில் கட்டிய கயிறு அப்படியே. முதுகில் வைத்த சிவப்பு கியூடெக்ஸ் பொட்டும் அப்படியே. ஈர்க்குச்சியால் தட்டிப் பார்த்தாள். அசைவில்லை.

"அண்ணன், உண்மையாவே செத்துட்டா?"

"நான் கொக்கட்டிச்சோலை ஆள் டீச்சர். மாடெண்டா அடிச்சுச் சொல்லுவன். நண்டப் பத்தி என்னத்தக் கண்டன்?"

போன பள்ளித் தவணையில் போத்தலில் வளர்த்த மீன் செத்தபோதே பள்ளிக்கூட அதிபர் ஹெக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னொண்டு செத்தா, அதுக்குப் பிறகு உயிரோட ஒண்டும் வகுப்புக்குள்ள வரக்கூடாது. படம் கீறிப் படிப்பியுங்க."

ஏழு மணி.

"கெதியா மீன் துறையடிக்குப் போயித்து வாங்க அண்ணன். இதே அளவில ஒண்டு வேணும்."

சுதாகரன் சைக்கிளை மிதித்தார். அஞ்சலா மினிஸ்டரைப் பேப்பரில் சுற்றி மேசை லாச்சிக்குள் திணித்தாள். கரும்பலகையில் இன்றைய பாடத்தின் சார்ட் தொங்கியது. வழிகாட்டி நூலைப் பார்த்து நேற்று எழுதியது. பிள்ளைகள் முந்திக்கொண்டு வாசிக்காதபடி எழுத்துப் பக்கத்தைப் பலகையின் பக்கம் திருப்பி மாட்டியிருந்தாள். இனி அந்தச் சார்ட் எதற்கு?

இருபது நிமிடத்தில், கொடுக்குகள் கட்டிய புது மினிஸ்டர் வந்து சேர்ந்தார். முதுகைத் துடைத்து, பொட்டு வைத்து, ஊதி ஊதித் தண்ணீருக்குள் விட்டாள். மணி அடித்தது.

முதலில் ஓடி வந்தவள் சர்மிளா. பத்து வயதுதான். ஆனால் நண்டு விஷயத்தில் அவளை ஏய்க்க முடியாது. முதுகைத் தொட்டாள். தன் விரலைப் பார்த்தாள்.

"டீச்சர், மினிஸ்டர்ர பொட்டு இன்னும் காயல்ல."

பின்னால் வந்த பிள்ளைகளும் பேசினைச் சுற்றிக் குவிந்தார்கள்.

"என்ன, மினிஸ்டர் சுகமா இரிக்காரா?" வாசலில் அதிபர்.

சுகம் என்று சொல்லத்தான் அஞ்சலா வாயைத் திறந்தாள். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாச்சியை இழுத்து, பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சேர், மினிஸ்டர் செத்துட்டார். பேசினுக்குள்ள இரிக்கிறது வேற ஆள். நான்தான் மாத்தினன்."

"எலெக்‌ஷன் வைக்காமலா டீச்சர்?" என்றான் பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

அதிபர் பொட்டலத்தைத் தூக்கினார். புருவத்தைச் சுருக்கினார். இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர் இது, உள்ளுக்கு ஒண்டுமே இல்லாத மாதிரி இரிக்கு?"

"டீச்சர்! சட்டிக்குள்ள இன்னொராள்!" சர்மிளா கத்தினாள்.

கவிழ்த்த சட்டிக்கு அடியிலிருந்து, பழைய மினிஸ்டரைவிடக் கொஞ்சம் பெரிய நண்டொன்று மெல்ல எட்டிப் பார்த்தது. கயிறும் இல்லை, பொட்டும் இல்லை.

"இது ஆர் புதுசா?" என்றார் அதிபர்.

அஞ்சலாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கரும்பலகைக்குப் போய்ச் சார்ட்டைத் திருப்பி மாட்டினாள். அவளுடைய சொந்தக் கையெழுத்தில் இருந்ததை இருபத்தெட்டுப் பேரும், கூடவே அதிபரும், ஒரே குரலில் வாசித்தார்கள்:

"நண்டு வளரும்போது பழைய ஓட்டை அப்படியே கழற்றிப் போட்டுவிட்டு, புதிய ஓடு இறுகும்வரை ஒளிந்திருக்கும்."