பார்சல் டேப்

மகள் சோபாவை விட்டு எழுந்ததுதான் தாமதம், அப்பா வந்து மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். பார்சல் டேப்பைப் பசைப் பக்கம் வெளியே இருக்கும்படி உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, அவள் சாய்ந்திருந்த இடத்தில் ஒட்டி ஒட்டி எடுத்தார். டேப் முழுக்க அவள் தலைமுடி.

திரும்பிப் பார்த்த மகளின் முகம் சுண்டிப்போனது. அறைக்குள் போய்விட்டாள்.

"அவ அந்தப் பக்கம் போற வரைக்கும் பொறுக்கலையா உங்களுக்கு?" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"கிடக்குதே" என்றார் அப்பா.

அவ்வளவுதான். பார்சல் ஆபீஸில் காலமெல்லாம் பெட்டிகளோடு பழகிய மனுஷர். பெட்டிகள் பதில் கேட்பதில்லை.

அம்மா அறைக்குள் போனபோது, மகள் தலையில் தடவும் மருந்தையும் மாத்திரைகளையும் அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"போதும்மா. ரெண்டு மாசமாச்சு, இன்னும் கொத்துக் கொத்தா வருது. காலையில கண்ணைத் தொறந்து தலையணையைப் பாத்தா அழுகைதான் வருது."

பழைய வேலையில் மேனேஜர் போட்டு வறுத்தெடுத்ததில் வந்த வினை. மன அழுத்தம்தான் காரணம் என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை மாற்றியாச்சு, வைத்தியமும் நடக்கிறது. முடிக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் கொட்டியிருக்கு, தெரியுமா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி. எங்கப்பா ஆஸ்பத்திரியில படுத்த படுக்கை. ஆபீஸ்ல ஆளைக் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு. அங்கேயும் இங்கேயும் ஓடினேன். அவரும் போய்ச் சேர்ந்தார். அதுக்கப்புறம் பாரு, இடுப்புக்குக் கீழ தொங்கின பின்னல் எலிவாலாயிடுச்சு."

"வைத்தியம் பாத்தியா?"

"பாத்தேனே. டாக்டர் முதல் நாளே சொல்லிட்டார். மருந்து பிடிக்க மாசக்கணக்காகும், அதுவரைக்கும் கொட்டறதைப் பாத்துப் பயந்து பாதியில விட்டுடாதீங்கன்னார். நானும் உன்னை மாதிரிதான், விட்டுடறதாத்தான் இருந்தேன். அந்த நேரம் பாத்து, தலையணையில முடி கொஞ்சம் குறைஞ்சாப்பல இருந்துச்சு. மறுநாள் இன்னும் கொஞ்சம். அப்படியே குறைஞ்சு குறைஞ்சு, ஒருநாள் காலையில முழிச்சுப் பாக்கறேன், ஒண்ணுகூட இல்ல. வெள்ளை உறை மேல வெயில் மட்டும் விழுந்து கிடந்துச்சு."

சொல்லும்போதே அம்மாவின் குரல் இளகியது. அந்தச் சின்ன வாடகை வீடு, ஜன்னல் கம்பியின் நிழல், கசங்கிய அந்த வெள்ளை உறை. அதன் பிறகு எத்தனையோ காலைகள் வந்து போயின. நினைத்தாலே இனிக்கிற காலை அவளுக்கு அதுதான்.

"போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு கண்ணு. அந்தத் தெம்புலதான் மருந்தை விடாம போட்டேன். சில மாசத்துல நெத்தியோரம் பூனைமுடி மாதிரி முளைச்சுது."

"அப்பா என்ன சொன்னார்?"

"அவரா? நான் ஓடிப்போய்ச் சொன்னா, 'அப்படியா'ன்னார், அவ்வளவுதான். அப்பவே கையில இந்த டேப்புதான். என் முடின்னா அத்தனை அருவருப்பு. நான் கண்ணு முழிக்கிற நேரத்துல பக்கத்துல இருக்கவே மாட்டார், இருட்டோட எழுந்து போயிடுவார். என் மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல போல." அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் மறந்துட்டேன். அதை மட்டும் மறக்க முடியல."

 மகள் குனிந்து மருந்தைக் கூடையிலிருந்து எடுத்தாள்.

"இன்னும் ஒரு வாரம் பாக்கறேன். உனக்குக் குறைஞ்ச மாதிரி எனக்கும் குறையணும். இல்லேன்னா விட்டுடுவேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

அறை வாசலில், கையில் டேப்போடு அப்பா நின்றிருந்தார். அம்மா முறைத்ததும் நகர்ந்துவிட்டார்.

இரண்டு நாள் போனது. காலையில் மகள் சமையலறைக்கே ஓடிவந்தாள்.

"ம்மா, இன்னிக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கு. நிஜமாத்தான்."

அம்மாவுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. மகள் தானாகவே போய் மருந்தைத் தடவிக்கொண்டாள்.

மறுநாள் விடிகிற நேரம். தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, பக்கத்தில் அவரைக் காணாமல் கூடத்துக்கு வந்தாள். மகளின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது.

தூங்குகிற மகளின் தலைமாட்டில் அப்பா மண்டியிட்டிருந்தார். உள்ளங்கையில் டேப். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையணையில் மெல்ல ஒற்றி ஒற்றி முடியை எடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சத்தமில்லாமல் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எட்டின ஒரு முடியை எடுக்கப் போனாள்.

அவர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அது கிடக்கட்டும். எல்லாத்தையும் ஒரேயடியா எடுத்தா நம்ப மாட்டா" என்று கிசுகிசுத்தார். "உன் தலையணையிலயும் கொஞ்சம் கொஞ்சமாத்தானே குறைச்சேன்."