மேல்பாதித் தக்காளி

கோந்த்வா புறநகரின் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், குத்தகைக்கு எடுத்த நிலத்தில், தல்ஹாவும் அவன் மனைவி ஹுதாவும் தக்காளிச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். மாலை வெயில் வயலின் மேல்பாதியில் சாய்ந்து கிடக்கிறது. அங்கே வைரஸ் நோயில் இலைகள் மஞ்சளாகிச் சுருண்டுவிட்டன. வரப்புக்குக் கீழே ஓரிரண்டு செடிகளைத் தவிர மற்றவை பச்சையாக நிற்கின்றன. இலைப்புள்ளிப் பூஞ்சை கண்ட அந்தக் கீழ்ப்பாதிக்கு மட்டும்தான் தல்ஹா பூஞ்சைக்கொல்லி தெளித்திருந்தான். சில பூஞ்சைக்கொல்லிகள் செடியின் எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிடுமாம், வைரஸைக்கூடச் செடி ஓரளவு தாங்குமாம், மேலேயும் அடிக்கலாம் என்று ஹுதா அப்போதே சொன்னாள். பூஞ்சை மருந்து வைரஸை என்ன செய்யும் என்று அவன் சிரித்துவிட்டான்.

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்," என்கிறான் இப்போது, மண் ஒட்டிய கைகளைப் பார்த்தபடி. ஹுதா சாக்கின் வாயை விரித்துப் பிடிக்கிறாள். "கீழ காத்து மறைவு, நோயைக் கொண்டுவர்ற பூச்சி அதிகம் வராது. அதனாலயும் தப்பியிருக்கலாம்ங்க. எனக்கும் உறுதியாத் தெரியல, அதான் அதுக்கு மேல பேசல." ஒரு செடியைச் சாக்குக்குள் அமுக்குகிறாள். "பேசியிருக்கலாம்."

தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்ந்து போகிறது. சுருண்ட செடிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நிமிர்ந்து, பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. ஹுதா அதைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறாள். "அதுலயும் நோய் இருக்கும், ஹுதா. கீழ பரவிடும்." அவள் குனிந்து இழுக்கிறாள். வேர் ஆழமாகப் பிடித்திருக்கிறது. அவனும் வந்து கை கொடுத்த பிறகுதான் செடி மண்ணை விடுகிறது.