இருமலுக்குத் திறக்கும் காது

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்னவன் நாக்கு அழுகிப்போகட்டும்.

தூத்துக்குடித் துறைமுகக் கிரேன் இரைச்சலில் செவிடாகிப்போன ஞானதுரைக்குக் காப்பீட்டில் புதுக் காது பொருத்தினார்கள். சிகிச்சைக்கு வேண்டிய பேச்சை மட்டுமே அது உள்ளே விடும். டாக்டர் பேசினால் கணீரென்று கேட்கும். மனைவி புஷ்பம் பேசினால் வாய் அசைவதுதான் தெரியும். அவளா விடுவாள்? "மாத்திரை! ரத்தம்! சோறு ஆறுது, ஊசி, வந்து தின்னுங்க!" என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள். பக்கத்து வீட்டார் இரண்டு முறை ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டார்கள்.

ஞானதுரைக்கு அது போதவில்லை. அவருக்கு அவள் சிரிப்பு வேண்டும். காப்பீட்டு அலுவலகத்துக்கே போனார். அதிகாரிகளின் குரலுக்கு மட்டும் காதில் எப்போதும் அனுமதி உண்டு.

"பெண்டாட்டி சிரிப்பு கேக்கலன்னா உயிருக்கு ஆபத்தா அண்ணாச்சி?"

"அந்தச் சிரிப்பக் கேட்டுத்தான் சார் அவளக் கட்டுனேன்."

"அப்போ அது தலையெழுத்து. வியாதி இல்லியே."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் புஷ்பம் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினாள். இருமல் நோயில் சேர்த்தியாயிற்றே, காது படக்கென்று திறந்துகொண்டது. இருமலின் பின்னாலேயே மிச்சச் சிரிப்பும் உள்ளே வந்துவிட்டது.

ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொருக்கா இருமேன் புள்ள" என்றார்.

புஷ்பத்தின் சிரிப்பையும் காதுக்குள் விடச் சொல்லி ஞானதுரை மாதாமாதம் போடும் மனு இந்த மாதமும் தள்ளுபடியாகிவிட்டது.